கிளவுட் கேட்டின் தூரிகையெழுத்து நடனங்கள்: எழுத்து உடம்புக்குள் எப்படி வருகிறது?

#1 · நீள்கோடு

தைவானின் கிளவுட் கேட் குழுவுக்காக லின் ஹ்வாய்-மின் அமைத்த மூன்று தூரிகையெழுத்துப் படைப்புகளையும் (2001, 2003, 2005) வரிசையாகப் பதிவில் பார்த்தேன். முதலாவதில் எழுத்து ஒளியாக விழுகிறது, ஆடுபவர் அதன் வழியிலேயே வளைகிறார். இது புரிகிறது. மூன்றாவதில் எழுத்தே கிடையாது. நீளமான வெள்ளைத் தாள்கள் தொங்குகின்றன, மை மெல்ல வழிகிறது, அவ்வளவுதான். ஆனால் அதுதான் எனக்கு எழுதுவதற்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. இது ஏன்?

இன்னொன்று செய்முறைக் கேள்வி. ஆறு பேர், பத்து நிமிட உருப்படி, தூரிகையெழுத்துதான் அடிப்படை. எழுத்தைக் காற்றில் வரையச் சொன்னால் போக்குவரத்துக் காவலர் கை காட்டுவது போல ஆகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

#2 · மைக்கல்

கையால் எழுத முயல்வதால்தான் அப்படி ஆகிறது. பெரிய எழுத்து எழுதும் சீனக் கலைஞர் விரல்களை ஏறக்குறைய அசைப்பதே இல்லை. மணிக்கட்டும் முழங்கையும் மேசையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். தூரிகையை இழுப்பது தோளும் முதுகும். பாதம் சரியாக ஊன்றாவிட்டால் கோட்டில் நடுக்கம் தெரிந்துவிடும்.

‘யோங்’ என்ற ஒரே எழுத்திலிருந்து தொடங்குங்கள். ‘என்றென்றும்’ என்று பொருள். அடிப்படைக் கோடுகள் எட்டும் அதில் இருப்பதால் எழுதப் பழகுபவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி. அந்த எட்டுக் கோடுகளின் பழைய பெயர்களைக் கவனியுங்கள். கிடைக்கோட்டின் பெயர் ‘கடிவாளத்தை இழு’. நெடுக்குக் கோடு ‘முக்கித் தள்ளு’. கொக்கி ‘துள்ளு’. மேலேறும் குறுங்கோடு ‘சாட்டை வீசு’. இடப்பக்கம் நீளமாக இறங்குவது கூந்தலை ‘வாரிவிடு’வது. இடப்பக்கம் குட்டையாக இறங்குவது பறவை ‘கொத்து’வது. வலப்பக்கம் அகன்று இறங்குவது இறைச்சியைப் ‘பிள’ப்பது. புள்ளிக்குக்கூட ‘சாய்’ என்றுதான் பெயர். எதுவுமே வடிவத்தின் பெயர் இல்லை, எல்லாம் உடம்பு செய்யும் வேலை. ஆடுபவருக்கு வேண்டியது இந்த வினைச்சொல்தான்.

கிடைக்கோட்டை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். கோடு வலப்பக்கம் போக வேண்டும், ஆனால் தூரிகையின் நுனி முதலில் இடப்பக்கம் நுழையும். அங்கே அழுத்தி, திருப்பி, பிறகுதான் வலப்பக்கம் நகரும். நடுவில் லேசாக எழும்பும். கடைசியில் மறுபடி அழுத்தி, வந்த வழியே ஒரு மயிரளவு திரும்பி நிற்கும். நுனியை மறைப்பது என்பது இதுதான். உடம்பில் செய்யும்போது எடை முதலில் எதிர்ப்பக்கக் காலில் இறங்கும், இடுப்பு தாழும், பிறகு பயணம். நடுவில் இரண்டு விரற்கடை எழும்பி, முடிவில் மறுபடி தாழ்ந்து பின்வாங்கும். கை இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரவேண்டும். கை முந்தினால் நீங்கள் சொன்ன காவலர் வந்துவிடுவார்.

நெடுக்குக் கோட்டுக்கு ஒரு பழைய எச்சரிக்கை உண்டு: அளவுகோல் வைத்தாற்போல் நேராக இருந்தால் விசை போய்விடும். இழுத்த வில்லைப் போல மிகச் சிறிய வளைவு இருக்கவேண்டும். ஆடுபவர்கள் முதுகைக் கம்பியாக நிமிர்த்தி இறங்குவது இந்த இடத்தில்தான் நிகழும் தவறு.

#3 · அடவுக்காரி

மைக்கல் சொல்வது சரிதான், ஆனா கொஞ்சம் ஒருபக்கமா இருக்கு. முதல் படைப்பிலேயே அந்த ‘யோங்’ கோடுகளோட போக்கைத் தனி ஆளா ஆடிக் காட்டுற பகுதி இருக்கே! வடிவத்தை லின் ஒதுக்கிடலை. பெரிதாக்கின எழுத்துப் படங்களை ஆடுறவங்க முன்னாடி வச்சு, மை போன வழியைப் பின்தொடர்ந்து ஆடச் சொன்னதுலதான் அசைவுகளே உருவாச்சு. வழிங்கிறதும் வடிவம்தானே?

#4 · மைக்கல்

ஒப்புக்கொள்கிறேன், ‘வடிவமே வேண்டாம்’ என்பது மிகை. ஆனால் வழிக்கும் வடிவத்துக்கும் வேறுபாடு உண்டு. முடிந்த எழுத்தைப் பார்த்தால் வடிவம். அதே எழுத்தில் எழுதியவன் எங்கே நின்றான், எங்கே ஓடினான், எந்த இடத்தில் மை தீர்ந்தது என்று வாசித்தால் வழி. சீன எழுத்தில் கோடுகளின் வரிசை பெரும்பாலும் நிலையானது. எந்தக் கோட்டுக்குப் பின் எது என்பதில் அதிகம் ஐயம் இல்லாததால், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தாளைப் பார்த்தும் எழுதியவனின் வேகத்தைப் பின்தொடர முடிகிறது. #1-இல் கேட்ட முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 2001-இல் வழியைக் காட்ட எழுத்து தேவைப்பட்டது. 2003-க்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் இசை. பின்னணியில் எழுத்துக்குப் பதில் சோங் காலப் பீங்கானின் பனிவெடிப்புக் கோடுகள் பெரிதாக வந்தன. அந்தப் படைப்புக்குப் பின்னாளில் ‘பைன் புகை’ என்று பெயர் மாற்றினார்கள், பைன் மரக் கரியில் செய்யும் மையின் பெயர் அது. 2005-இல் எழுத்து ஆடுபவர்களின் உடம்புக்குள் போயிருந்தது, சுவரில் தேவைப்படவில்லை.

#5 · மூச்சுக்கணக்கு

அது ஒரே நாளில் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிளவுட் கேட் 1973-இல் தொடங்கியபோது பயிற்சி பாலே, கிரஹாம் வகை நவீன நடனம், பீக்கிங் ஓபரா அசைவு. 1996-இல்தான் சியுங் வெய் என்ற ஆசானிடம் தாய்ச்சி தாவ்யின் என்ற மூச்சும் அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சியைப் பழகத் தொடங்கினார்கள். அதன் முதல் விளைச்சல் 1998-இன் ‘நீர்நிலா’. பிறகு தற்காப்புக் கலையும் தூரிகையெழுத்து வகுப்பும் சேர்ந்தன. ஆக 2001-இல் மேடையில் நாம் பார்ப்பது ஐந்து வருட உழைப்பு. மூன்று வார ஒத்திகையில் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் அதன் அடிப்படையை எடுத்துக்கொள்ளலாம்.

நாற்காலி வேண்டாம், தரையில் சம்மணமிட்டுத் தொடங்குங்கள். எட்டு எண்ணிக்கையில் மூச்சை விட்டபடி தாழ்தல்: வால் எலும்பு உள்ளே சுருண்டு, முதுகெலும்பு கீழிருந்து ஒவ்வொரு கணுவாகத் தளர்ந்து, கடைசியில் தலை. அடுத்த எட்டில் மூச்சை இழுத்தபடி எழுதல், அதுவும் கீழிருந்தே. தோள் மேலே ஏறக்கூடாது. மூச்சு இழுத்ததும் தோள் ஏறினால் காற்று மார்போடு நின்றுவிட்டது என்று பொருள். தொப்புளுக்குக் கீழே கை வைத்து அங்கே அசைவு வருகிறதா என்று பாருங்கள். இது பிடிபட்ட பிறகு எட்டை நான்காக்குங்கள், பிறகு தாழ்தல் ஒன்று, எழுதல் ஏழு என்று ஏற்றத்தாழ்வாக மாற்றுங்கள். தூரிகையின் அழுத்தலும் தூக்கலும் சம அளவில் வருவதே இல்லை, அதனால் சம எண்ணிக்கையிலேயே தங்கிவிட்டால் உடற்பயிற்சி போலத்தான் இருக்கும்.

தாழ்தல், எழுதல், தோள்முனையை முன்மூலைக்குச் செலுத்துதல், பின்மூலைக்குச் சாய்தல், மார்பைக் குழித்தல், விரித்தல், விலா எலும்பைப் பக்கவாட்டில் நகர்த்தல் என்று இவற்றை ஒழுங்குபடுத்தியது பெய்ஜிங் நடனக் கழகம். 1980-ஐ ஒட்டி லீ ஜெங்யீயும் தாங் மான்செங்கும் வகுத்த பாடம் அது, பெயர் ‘ஷென்யுன்’, உடலின் ஓசைநயம் என்று சொல்லலாம். உலகம் சுற்றும் ஷென் யுன் மேடைக்குழுவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒலி ஏறக்குறைய ஒன்று, எழுத்து வேறு, ஆட்களும் வேறு. அந்தப் பாடத்தின் முதல் விதியே ‘இடம் போக நினைத்தால் முதலில் வலம் போ, மேலே போக நினைத்தால் முதலில் கீழே போ’. மைக்கல் சொன்ன நுனி மறைத்தலும் இதுவும் ஒரே கொள்கைதான்.

#6 · அடவுக்காரி

அந்தத் தாழ்நிலை அரைமண்டி மாதிரிதானா? பரதம் பழகின ஆட்களை வச்சுச் செய்யலாமா?

#7 · மூச்சுக்கணக்கு

தொடைக்கு வலு இருக்கும், அது லாபம். மற்றபடி வேறு. அரைமண்டியில் உயரம் மாறாது. மேல் உடம்பு நிமிர்ந்து நிற்க, முட்டி இரண்டும் பக்கவாட்டில் திறந்திருக்கும். இங்கே உயரம் மாறிக்கொண்டே இருக்கும், எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஊற்றப்படும். முன்வில் நிலையில் முன்காலில் ஏறக்குறைய எழுபது பங்கு, பின்காலில் முப்பது. வெற்றுநிலையில் பின்காலிலேயே தொண்ணூறு. இரண்டு காலிலும் சரிபாதி நிற்பது மாற்றத்தின் நடுவில் கடந்துபோகும் ஒரு கணம் மட்டும்.

காயம் வருவது முட்டியில்தான். இடுப்பு திரும்பும்போது முட்டியும் உள்பக்கம் விழுகிறது, பாதமோ தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முறுக்கு முழுவதும் முட்டி மூட்டில் இறங்குகிறது. முட்டி எப்போதும் காலின் இரண்டாம் விரல் நேரே இருக்கவேண்டும். அப்படி வைக்க முடியவில்லையா, தாழ்வைக் குறையுங்கள். ஒரு சாண் தாழ்ந்தாலே பார்ப்பவருக்கு அழுத்தம் தெரியும். வினைல் தரையில் வெறுங்காலோடு சுழலும்போது தோல் ஒட்டும், அதனால் குதிகாலை ஒரு தாள் கனத்துக்கு எடை நீக்கிவிட்டுத் திருப்பப் பழக்குங்கள்.

#8 · பழஞ்சுவடி

எல்லாரும் எழுத்திலிருந்து நடனத்துக்குப் போகிறீர்கள். பழைய கதை எதிர்த்திசையில் வந்தது. 767-இல் சீனக் கவிஞர் து ஃபூ, குய்ஜோவில் லீ என்ற பெண்ணின் வாள்நடனத்தைப் பார்த்துக் கவிதை எழுதினார். சிறுவயதில் தாம் பார்த்த கோங்சுன் அம்மையின் மாணவி அவள். அந்தக் கவிதையின் முன்னுரையில் ஒரு செய்தி: விரைவெழுத்தில் (கோடுகள் இணைந்து ஓடும் தூரிகையெழுத்து வகை) பெயர்பெற்ற கலைஞர் ஜாங் சூ, கோங்சுன் அம்மையின் ஆட்டத்தைப் பலமுறை பார்த்த பிறகுதான் அவர் எழுத்து முன்னேறியது. அது கையில் வாளோடு ஆடியதா வெறுங்கையோடா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு.

ஜாங் சூவைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு, குழு நடனத்துக்கு அதுதான் உதவும். குறுகலான பாதையில் ஓர் இளவரசியின் பரிவாரமும் சுமைகாரர்களும் வழிக்கு முட்டிக்கொள்வதைப் பார்த்து அவர் எழுத்தின் சூட்சுமத்தைக் கண்டுகொண்டாராம். ஒரு கோடு எப்போது ஒதுங்கும், எப்போது முந்தும், எந்த இடைவெளியில் நுழையும் என்பது. ஆறு பேரும் ஒரே அசைவைச் செய்தால் அச்செழுத்துத்தான் வரும். ஒருவர் பெருக்க மற்றவர் சுருங்கவேண்டும், நடுவில் விழும் வெறுமை ஒவ்வொரு முறையும் வேறு அளவில் இருக்கவேண்டும். மேடையை மேலிருந்து படம்பிடித்து, ஆட்களை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அமைப்பு செத்துவிட்டது.

#9 · தடம்

யாரும் நடன அமைப்பாளர் ஷென் வெய்யைச் சொல்லவில்லையே! ஹுனான் ஓபராவில் பழகியவர், பிறகு குவாங்தோங் நவீன நடனக் குழு, பிறகு நியூயார்க். 2004-இல் அவருடைய ஆட்டக்காரர்கள் தரை முழுக்க விரித்த துணியில் வண்ணத்தோடு புரண்டு தடம் விட்டார்கள். 2008 ஆகஸ்ட் 8 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் விரிந்த சுருளின் மேல் உடம்பாலேயே மை தீட்டிய பகுதியும் அவர் அமைத்ததுதான். அங்கே தூரிகையே மனிதன். தாளைத் தொங்கவிட்டு முன்னால் ஆடுவதைவிட இது நேர்மையானது என்பேன்.

#10 · மைக்கல்

நேர்மை என்ற சொல்தான் இடிக்கிறது. தடம் விழும் படைப்பில் ஆடுபவரின் கவனம் தடத்துக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. கோடு அழகாக விழவேண்டும் என்று தோள் சாய்கிறது, மூச்சு நிற்கிறது. ஷென் வெய்யின் ஆட்கள் அதைத் தாண்டியவர்கள், ஆனால் அதைப் பார்த்துச் செய்யும் மாணவர் படைப்புகள் பெரும்பாலும் வண்ணக் குளியலாக முடிகின்றன. கிளவுட் கேட்டில் அசைவு காற்றோடு போய்விடுகிறது. பார்த்தவர் நினைவில்தான் தாள்.

#11 · தடம்

மாணவர் செய்யும் பிழையை முறையின் பிழை ஆக்காதீர்கள். தடம் விழுந்தால் பொய் சொல்ல முடியாது: எடை எங்கே இருந்தது என்று தாள் காட்டிக்கொடுத்துவிடும். ஒத்திகைக் கருவியாகவாவது பயன்படுத்துங்கள். பழைய செய்தித்தாளைத் தரையில் ஒட்டி, வெறுந்தண்ணீரில் பாதம் நனைத்து ஒரு கிடைக்கோடு ஆடச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஈரம் கனத்தும் நடுவில் மெலிந்தும் இருக்கவேண்டும். சீராக இருந்தால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார், அழுத்தவே இல்லை. ஈரத்தாளில் வழுக்கும், நடை வேகத்துக்கு மேல் வேண்டாம்.

#12 · மைக்கல்

ஒத்திகைக்கு என்றால் சரி. இதை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

#13 · பின்மேடை

தாள், மை பற்றி. 2005 படைப்பைப் பார்த்துவிட்டு ‘மேலேயிருந்து மை விட்டால் போதும்’ என்று இறங்குபவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தாள் அதற்கென்றே தனியாகச் செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் சுவான் தாளின் (தூரிகையெழுத்துக்கான சீனத் தாள்) வழக்கமான ‘நான்கு அடி’ அளவு 138 × 69 செ.மீ. தான். ஒட்டி நீட்டினால் ஒட்டின இடத்தில் பசை மையைத் தடுக்கும், கோடு அங்கே நின்று பக்கவாட்டில் பரவும். அது தெரிந்தே செய்வதானால் அழகாகவும் இருக்கும்.

பச்சைச் சுவான், பதப்படுத்திய சுவான் என்று இரண்டு வகை. படிகாரம் பூசிப் பதப்படுத்தியது மையை உறிஞ்சாது, மேலேயே ஓடிக் கீழே சொட்டிவிடும். மெல்லப் பரவவேண்டுமானால் பச்சைத் தாள்தான். ஆனால் நனைந்தால் தன் எடையையே தாங்காது. மேல்விளிம்பை மரச்சட்டம் இரண்டுக்கு நடுவில் முழு அகலத்துக்கும் இறுக்கவேண்டும். நாலு இடத்தில் கிளிப் மாட்டினால் அந்த நாலு இடத்திலும் கிழியும். அடிவிளிம்பில் கனமான குழாய் வேண்டாம், தாள் ஆடாமலிருக்க மூங்கில் பட்டை போதும்.

மை கெட்டியாக இருந்தால் நிற்கும், தண்ணீர் கூடினால் பரவும். ஒரு பங்கு புட்டி மைக்கு மூன்று, ஆறு, பத்து பங்கு தண்ணீர் என மூன்று கலவை செய்து, மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். மேடையின் ஈரப்பதமும் ஏசியின் காற்றும் வேகத்தை மாற்றும், அதனால் வகுப்பறையில் பார்த்த கணக்கு அரங்கில் செல்லாது. ஏசி ஓடும்போது, விளக்கு எரியும்போது மறுபடி சோதியுங்கள். கிளவுட் கேட்டிலேயே ஒவ்வொரு இரவும் மை வேறு வடிவில்தான் இறங்கும், அந்த மாறுதல்தான் அவர்களுக்கு வேண்டியது. ஆக, ‘இந்தத் தாளத்தில் மை இந்த இடத்துக்கு வரும்’ என்று அசைவைக் கட்டாதீர்கள்.

கீழே சொட்டுவதைப் பிடிக்க, தாளின் அடியில் ஆழமில்லாத கறுப்புத் தட்டில் உறிஞ்சும் துணி வையுங்கள். புட்டி மையில் பிசின் இருக்கும், வினைல் தரையில் நாலு துளி விழுந்தால் வெறுங்காலுக்கு எண்ணெய் மாதிரி.

வெளிச்சம்: வெள்ளைத் தாளில் முன்விளக்கு விழுந்தால் கண் கூசும், ஆடுபவர் கரைந்துபோவார். பக்கவிளக்கை நம்புங்கள், தாளுக்குத் தனியாகப் பின்னாலிருந்து குறைந்த ஒளி. எழுத்தைப் புரொஜெக்டரில் விடுவதானால் கறுப்பு உடை அதை விழுங்கும், தோலும் வெளிர்த் தரையும்தான் பிடிக்கும்.

#14 · நீள்கோடு

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். இசை என்ன வைப்பது? கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கும்போது கிடைக்கோடு தலைகீழாகத் தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

#15 · மூச்சுக்கணக்கு

2005-க்கு மெட்டு என்று எதுவும் கிடையாது. காற்று, சில்வண்டு, அலை, கரையில் உருளும் கூழாங்கல், இவற்றோடு ஆடுபவரின் மூச்சும் கால் ஊன்றும் ஓசையும். தாளம் வைத்தால் ஆறு பேரும் தாளத்துக்குத்தான் மூச்சு விடுவார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் வேண்டாம், ஒருவருக்கொருவர் மூச்சைக் கேட்டுத் தொடங்கட்டும்.

ஒரு பகுதிக்கு எவ்வளவு நீளம் என்பதற்கு ‘ஒரு தோய்ப்பு’ கணக்கு வையுங்கள். விரைவெழுத்தில் ஒருமுறை மை தோய்த்தால் அது தீரும்வரை எழுதிக்கொண்டே போவார்கள். முதலில் கோடு கொழுத்திருக்கும், கடைசியில் மயிர்கள் பிரிந்து நடுநடுவே வெள்ளை தெரியும், ‘பறக்கும் வெள்ளை’ என்பார்கள். ஆடுபவரும் முழு எடையோடு தொடங்கி, தீரும்போது வேகம் கூடி எடை குறைந்து விரல்நுனி சிதறவேண்டும். இங்கே பலர் களைத்துப்போனது போல நடிப்பார்கள். கூடாது, காய்ந்த தூரிகைதான் வேகமாக ஓடும். தீர்ந்ததும் நின்று, தாழ்ந்து, மூச்சு நிறைந்த பின்தான் அடுத்த தோய்ப்பு. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் தீராமல் பார்த்துக்கொண்டால் பழஞ்சுவடி சொன்ன இடைவெளிகள் தாமாகவே வரும்.

#16 · மைக்கல்

கண்ணாடி விஷயம்: பார்வையாளருக்கு இடமிருந்து வலம் போகவேண்டிய கோடு, அவர்களைப் பார்த்து நிற்கும் ஆட்டக்காரருக்குத் தன் இடக்கைப் பக்கம். கண்ணாடியில் அது எதிர்த்திசையில் தெரியும், அதனால்தான் குழப்பம். கண்ணாடியைத் திரைபோட்டு மூடுங்கள். முதுகைப் பார்வையாளருக்குக் காட்டியபடி பழகினால் எழுதுபவரின் திசையும் ஆடுபவரின் திசையும் ஒன்றாகிவிடும், கோடு மனதில் பதிந்த பிறகு திருப்பிக்கொள்ளலாம். பத்தி மேலிருந்து கீழே, வரிசை வலமிருந்து இடம். மேடையில் பார்வையாளரின் வலப்பக்கப் பின்மூலையிலிருந்து முன்னோக்கி வருவது அதற்கு ஒப்பாகும்.

#17 · பின்மேடை

ஒன்று விட்டுப்போச்சு. அரங்கில் தாள் தொங்கவிட்டால் தீத்தடுப்புக் கரைசல் அடிக்கச் சொல்வார்கள். அந்த உப்பு காய்ந்ததும் தாளின் உறிஞ்சும் குணம் மாறிவிடலாம், பச்சைத் தாள் பதப்படுத்தியது போலக்கூட நடந்துகொள்ளலாம். மூன்று கலவைச் சோதனையைக் கரைசல் அடித்த தாளிலேயே செய்யுங்கள், அடிக்காததில் செய்தால் அத்தனையும் வீண்.

#18 · நீள்கோடு

அப்படியானால் நாளைக்கே அரங்கக்காரரிடம் எந்தக் கரைசல் என்று கேட்டுவிடுகிறேன். தாள் அதற்கப்புறம்தான் வாங்கணும்.